முட்டிப் படம் உண்ணாமலை

"மூஞ்சிய இன்னாத்துக்கு இப்டி இளிச்சிகினு கீற? நான் எடுக்கறது உன் முட்டிய!"

இந்த அதட்டல் கேட்டால் உள்ளே உண்ணாமலை வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். படம் பிடிப்பது என்றால் எங்கள் ஆரணிக்காரர்களுக்குத் தலை சீவி, பவுடர் பூசி, சிரித்த முகமாக நின்றுதான் பழக்கம். முழங்காலைப் படம் எடுக்கப் போனாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது சிரிக்காது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்கப் படுத்திருக்கும். அவர்களுக்கும் உண்டு அர்ச்சனை. "மூச்சு வுடுப்பா, செத்துகித்துப் போயிடப் போற. மாருக்குத்தான் மூச்சு அடக்கணும், முட்டி இன்னா மூச்சா வுடுது?"

ஆள் குள்ளம். நாற்பது வயதைத் தாண்டிவிட்டார். எக்ஸ்ரே கதிர் மேலே படாமல் இருக்க மாட்டும் ஈய அங்கி அவருக்குக் கணுக்கால் வரை தொங்கும். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் ஒரு பீரோ நகர்ந்து வருவது போல இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் கண்ணாடிக் கடைக்கா பஞ்சம்? சிவப்புப் பட்டு நூலை முறுக்கிக் கட்டிக்கொண்டு, "இது இன்னும் கெட்டியா கீது" என்கிறார். அருகில் போனால் படம் கழுவும் மருந்தின் புளித்த நெடி அடிக்கும். பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஊறுகாய் ஜாடியைத் தேடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் வேலை பார்ப்பது பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில். பத்துக் கட்டில், ஒரு டாக்டர், ஒரு எக்ஸ்ரே இயந்திரம். சென்னையில் யாரோ வேண்டாமென்று தள்ளிய இயந்திரம் அது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரைஸ் மில். மில் ஓடும்போது கரண்ட் இறங்கும். கரண்ட் இறங்கினால் படம் சாம்பல் பூத்துப் போகும். வேறு யாராக இருந்தாலும் மில் நிற்கும்வரை காத்திருப்பார்கள். உண்ணாமலை ஈய அங்கியோடு நேரே மில்லுக்குள் நடந்து போய்க் கையைத் தூக்குவார். "ரெண்டு நிமிசம் நிறுத்து. ஒரு கிழவிக்கு இடுப்பு எடுக்கணும்." மில் நின்றுவிடும். முதல் தடவை மில் முதலாளி சண்டைக்கு வந்தாராம். "நாளிக்கு உன் இடுப்புக்கும் நான்தான் வரணும்" என்றிருக்கிறார் இவர். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

சொந்த ஊர் பெரணமல்லூருக்குப் பக்கம். அப்பா காத்தவராயன் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. மகள் பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் யாரோ சொல்லி, உதவித்தொகை கிடைத்து, சென்னைக்குப் போய் எக்ஸ்ரே படிப்புப் படித்தார். எழுபத்து நான்கில் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மல்லுத் துண்டு போட்ட ஒரு பெரிய மனிதர் மேசைமேல் உட்கார்ந்துகொண்டு காலை நீட்டாமல் விசாரணை நடத்தியிருக்கிறார். "எந்த ஊரும்மா? யாரு ஊட்டுப் பொண்ணு? எந்தத் தெரு?" எதற்குக் கேட்கிறார் என்று தெரியாதா என்ன! உண்ணாமலை சொன்ன பதில் இது: "பெரணமல்லூர் பக்கம். காத்தவராயன் பொண்ணு. ஊருக்கு வெளிய இருக்கற தெரு. இப்ப கால நீட்றீங்களா, இல்ல வலியோட ஊட்டுக்குப் போறீங்களா?" பெரியவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார். இதை உண்ணாமலை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. கேட்ட எனக்குத்தான் காது சுட்டது, ஏனென்றால் அந்தப் பெரியவர் எனக்கு உறவு.

உண்ணாமலைக்கு மற்ற எலும்புகளைவிட முழங்கால் மேல் ஒரு தனிப் பிரியம். கடைத்தெருவில் நடக்கும்போது நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். அவர் முட்டியைப் பார்ப்பார். "அதோ போறான் பாருங்க, படியில இறங்கும்போது சைடா இறங்குறான். சில்லுக்குப் பின்னால போச்சு அவனுக்கு." சில்லு என்றால் முழங்கால் சில்லு, முட்டிக்கு மூடி போல இருக்கிற அந்த எலும்பு. முட்டி வலி என்று வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி வயதல்ல, பெயரல்ல. "திருமலைக் கோயிலுக்குப் போயிகீறியா? ஏறும்போது வலிச்சுதா, இறங்கும்போதா?" இறங்கும்போது என்று பதில் வந்தால் தலையை ஆட்டிக்கொள்வார்.

எனக்கே ஒரு நாள் பாடம் நடந்தது. ஜன்னலில் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "ஜவ்வு எங்க கீதுன்னு காட்டுங்க பாப்போம்" என்றார். நான் வெள்ளையாக இருந்ததையெல்லாம் தொட்டேன். "அதெல்லாம் எலும்பு. ஜவ்வு படத்துல வுழாது சார். பூந்து பூந்து பாத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு எலும்புக்கும் நடுவுல கருப்பா ஒரு சந்து கீது பாருங்க, அதான் ஜவ்வு இருக்கற எடம். சந்து அகலமா இருந்தா ஜவ்வு நல்லா கீது. சந்து குறுகிப் போச்சுன்னா தேஞ்சி போச்சு." இல்லாததைப் பார்த்து இருப்பதைச் சொல்லும் வேலையா என்று நான் வாயைப் பிளந்தேன். உடனே எச்சரிக்கையும் வந்தது. "நான் சொன்னேன்னு எங்கனா எழுதி வச்சிடாதீங்க. நாங்க படம் எடுக்கலாம், படிக்கக் கூடாது. அது டாக்டருங்க வேலை."

நேராகப் படுக்கவைத்து எடுத்தால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் இருக்கும் சந்து தெரியாது. சில்லு எலும்பின் மேலேயே உட்கார்ந்து மறைத்துவிடும். முட்டியை மடக்கி, மேலிருந்து கதிரைச் சாய்த்து விட்டு, காலில் பிலிம் அடைத்த தகட்டை வைத்துப் பிடித்தால்தான் சில்லு தனியாகவும் எலும்பு தனியாகவும் விலகி நிற்கும். அதற்கு ஸ்கைலைன் என்று ஒரு பெயர் சொன்னார். காலை ஒரே அளவில் மடக்கி நிறுத்த ஒரு சாய்வுப் பலகை வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகம் வாங்கித் தரவில்லை. தறி செய்கிற ஆசாரியைப் பிடித்து, தறிக்கட்டையில் மிஞ்சிய மரத்தில் ஒன்று செய்து வாங்கிவிட்டார். அதன் பெயர் குதிரை. "குதிர மேல ஏறு" என்றால் நெசவுக்காரர்கள் ஒரு நொடியில் சரியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற மாதிரியே அது இருக்கிறதாம். மற்ற ஊர் ஆட்களுக்குத்தான் விளக்கம் சொல்லித் தொண்டை வற்றுகிறது.

இனி எண்பத்து நான்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் நான் செய்த முட்டாள்தனமும் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

நான் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவன். முள்ளிப்பட்டில் தறி நெய்யும் குப்புராஜ் எனக்கு வேண்டியவர். அவர் மனைவி பொன்னம்மாளுக்கு வலது முட்டியில் ஒரு வருஷமாக வலி. அவர்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர், ஒன்றில் அந்த அம்மாள். "மிதி மெதிக்கும்போது முட்டிக்குள்ள மண்ண அரைக்கற மாதிரி கீதுண்ணா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். வெளியூரில் ஏதோ ஒரு எக்ஸ்ரே கடையில் படம் எடுத்து, பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். சில்லின் பின்பக்கம் உடைந்து துண்டு துண்டாக உள்ளே மிதக்கிறது, முட்டியைத் திறந்து சில்லையே எடுத்துவிட வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை வந்து சேர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார் குப்புராஜ். ஆங்கிலத்தைப் படித்து அர்த்தம் சொன்னவன் நான். "பெரிய டாக்டர் சொல்லிட்டார் இல்ல, யோசிக்காம செஞ்சிக்குங்க" என்று யோசிக்காமல் சொன்னவனும் நானேதான்.

சில்லை எடுத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவே இல்லை. பொன்னம்மாள் கேட்டார். "அப்புறம் மிதி மெதிக்கலாமா?" நான் என்ன கண்டேன்? "எல்லாம் சரியாயிடும்" என்றேன். நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் நெஞ்சுப் படம் ஒன்று வேண்டும் என்று பெரிய டாக்டர் எழுதியிருந்தார். அதைச் செலவில்லாமல் ஆரணியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமை மூவரும் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் டாக்டர் சுப்பராயலு நெஞ்சுப் படத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உண்ணாமலை நெஞ்சை எடுத்து முடித்தார். "கையில இன்னா கவர்?" என்று கேட்டு, பதில் வருமுன்னே முட்டிப் படத்தை உருவி ஜன்னலில் பிடித்தார்.

நானும் எட்டிப் பார்த்தேன். சில்லு இருக்கும் இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பொடிப் பொடியாகத் தெரிந்தது. "பாத்தீங்களா, துண்டு துண்டா" என்று மேதாவி போலச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"ஒரே ஒரு படம்தான் எடுத்தாங்களா? சைடுல எடுக்கல?"

"இல்லக்கா. ஒண்ணுதான்."

"உன் முட்டியத் தொட்டுப் பாத்தாங்களா?"

"யாரும் தொடல. பொடவய முட்டி வரைக்கும் ஏத்துன்னாங்க. ஏத்தினேன். டக்குனு எடுத்துட்டாங்க."

"எலும்புக்கு இம்மாம் வெள்ள வராது. எலும்புத் துண்டு சுருள் சுருளாவும் இருக்காது. எங்க, பொடவய ஏத்து."

முட்டியில் ஒரு கட்டு. எங்கள் பக்கத்து நெசவுக்காரர் வீடுகளில் முட்டி வலிக்கு ஒரு வழக்கம் உண்டு. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவி, அதன்மேல் தறியில் கழியும் பட்டு நூலைப் பந்தாகச் சுற்றிக் கட்டுவார்கள். சூடு நிற்கும் என்பார்கள். கட்டோடேயே தறியில் உட்கார்ந்து நெய்வார்கள். கழிவு நூலில் ஜரிகைத் துணுக்குகள் கலந்திருக்கும். கரை போடும்போது நறுக்குகிற ஜரிகையும் மடியிலும் முட்டியிலும்தான் விழும். உண்ணாமலை கட்டை அவிழ்த்து, முட்டியை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினார். எண்ணெய்ப் பிசுக்கில் அங்கங்கே மினுக் மினுக்கென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பஞ்சில் ஒற்றி எடுத்தார். ஜரிகை. வெள்ளி ஜரிகை கதிருக்கு வழி விடாது. படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழுந்துவிடும்.

ஐயோ, இந்த அம்மாளின் காலைத் திறக்கவா நான் தலையை ஆட்டினேன்!

குப்புராஜ் நம்பவில்லை. "படம் எடுத்து மூணு வாரம் ஆவுதும்மா. அன்னிக்கு இருந்ததா இப்பவும் இருக்குது?"

"அன்னிக்கு ஒட்டினது வேற, இன்னிக்கு ஒட்டினது வேற. சரக்கு ஒண்ணுதான். உன் பொஞ்சாதி தெனம் தெனம் நெய்யுதா இல்லியா?"

அப்போது அவர் கையில் இருந்த சீட்டில் நெஞ்சுப் படம் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. சீட்டில் இல்லாததை எடுக்கக் கூடாது. அது கண்டிப்பான விதி. உண்ணாமலை சீட்டை ஒரு தடவை படித்தார், மடித்து அங்கியின் பைக்குள் வைத்தார். பொன்னம்மாளின் முட்டியை ஸ்பிரிட் போட்டு மூன்று தடவை துடைத்தார். நேராக ஒரு படம். பக்கவாட்டில் ஒரு படம். அப்புறம் குதிரைமேல் ஏற்றி, மடக்கி, தகட்டைக் காலில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு படம். அந்த மூன்றாவது படத்துக்கு முன்னால் அவர் செய்ததுதான் வேலை! பஞ்சில் ஒற்றிய ஜரிகைத் துணுக்குகளைப் பிளாஸ்திரித் துண்டில் பரப்பி, தகட்டின் ஒரு மூலையில், முட்டி வராத காலி இடத்தில் ஒட்டினார். "ஒரே படத்துல ரெண்டும் வரட்டும். பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

பின்பக்கத்து மில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்திவிட்டு வந்தார்.

படம் கழுவி ஈரத்தோடு வந்தது. முட்டியில் ஒரு பொடியும் இல்லை. மூலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று சுருள் சுருளாகக் கிடந்தன, பழைய படத்தில் பார்த்தபடியே. சில்லு முழுசாக இருந்தது. ஆனால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கருப்புச் சந்து வெளிப்பக்கமாக வரவர ஒடுங்கி, ஒரு மூலையில் நூல் போலாகியிருந்தது. எனக்குப் பாடம் நடந்த புண்ணியத்தில் நானே பார்த்தேன். வலி பொய்யில்லை. ஜவ்வு தேய்ந்திருந்தது. உடையத்தான் இல்லை.

"அப்ப ஆபரேசன் வேணாமாக்கா?" என்றார் பொன்னம்மாள்.

"அத்த நான் சொல்லக் கூடாது." உண்ணாமலை படத்தை உதறினார். "இந்தப் படத்தப் பாக்காம உன் மேல கத்தி வைக்கக் கூடாது. அத்த சொல்லுவேன். சில்ல எடுத்துட்டா தொடையில பலம் கொறையும். எடுத்த ஆளுங்களுக்கு நான் படம் பிடிச்சிகீறேன். படியேறத் தடுமாறுறாங்க. நீ மிதி மெதிக்கணும்."

நாலு பேருமாக டாக்டர் சுப்பராயலுவிடம் போனோம். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். படத்தை வாங்கவே இல்லை.

"சீட்டுல நான் என்ன எழுதினேன்?"

"நெஞ்சு, சார்."

"நீ எடுத்தது?"

"நெஞ்சும் எடுத்துட்டேன் சார்."

"முட்டியை யாரைக் கேட்டு எடுத்தே?"

"இந்தம்மாவக் கேட்டேன் சார். முட்டி இவங்களுதுதானே."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவர் சீமைக்குப் போய்ப் படிச்சவர். நீ ரெண்டு வருஷம் படிச்சிட்டு அவருக்குப் பாடம் எடுக்கறியா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நான் லெட்டரும் தரமாட்டேன், இந்தப் படத்தை நான் பார்க்கவும் இல்லை."

"லெட்டர் வேணாம் சார். நீங்க பாக்கலன்னே நானும் சொல்றேன்" என்றார் உண்ணாமலை. எதிர்த்துப் பேசுகிறார் என்று குரலை வைத்துச் சொல்லவே முடியாது. அவ்வளவு மரியாதையாக வந்தது.

சனிக்கிழமை காலையில் நிர்வாகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. சீட்டில்லாமல் படம் எடுத்ததற்கும், மருத்துவர் முடிவைப் பற்றி நோயாளியிடம் பேசியதற்கும் ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது, மூன்று நாளில் பதில் எழுது என்று. வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். வயதான அம்மா, படிக்கிற இரண்டு பெண்கள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. பதிலை நானே உருக்கமாக எழுதிக்கொண்டு போனேன். அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டும், இனி நடக்காது என்றெல்லாம் ஒரு பக்கம்.

உண்ணாமலை படித்துப் பார்த்தார். "நல்லா எழுதிகீறீங்க. பத்திரிகைக்கு அனுப்புங்க." பேனாவை வாங்கி வேறொரு தாளில் அவரே எழுதினார். மொத்தம் மூன்று வரி. சீட்டு இல்லாமல் முட்டிப் படம் எடுத்தது உண்மை. அறிந்தே எடுத்தேன். அதே மாதிரி இன்னொரு முட்டி வந்தாலும் எடுப்பேன்.

"இது உங்களுக்கு வேண்டாத பேஜார்" என்றேன்.

"எடுத்தது தப்புன்னா அந்த ஜரிகையும் எலும்புதான்னு எழுதச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

திங்கட்கிழமை குப்புராஜ் தடுமாறினார். சொந்தக்காரர்கள் வந்து, பெரிய டாக்டரைப் பகைத்துக்கொண்டால் அப்புறம் யார் பார்ப்பார்கள், போய்ப் படுத்துவிடு என்று கலைத்துவிட்டார்கள். படத்தைக் காட்டக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. "நீங்க வந்து இங்கிலீஷ்ல சொல்றீங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு மட்டும் என்ன தைரியம் வாழ்ந்தது! விஷயத்தை உண்ணாமலையிடம் போய்ச் சொன்னேன். அவர் லீவு எழுதிக் கொடுத்தார். லீவு கிடையாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் படக் கவரோடு.

பெரிய டாக்டர் அறை வாசலில் நர்ஸ் தடுத்தார். "பேஷண்ட் மட்டும்தான் உள்ளே. நீங்க யாரு?"

"படம் எடுத்தவ."

"டெக்னீஷியனெல்லாம் இங்க வரக் கூடாது."

"சரிங்க" என்று சொல்லிக்கொண்டே பொன்னம்மாளின் தோளைப் பிடித்துத் தாங்குகிற மாதிரி உள்ளே நுழைந்துவிட்டார். நானும் குப்புராஜும் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டினோம்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். மேசைமேல் பொன்னம்மாளின் கேஸ் ஷீட், சுவரில் வெளிச்சப் பெட்டியில் பழைய படம். உண்ணாமலை கேட்காமலே தன்னுடைய படங்களை அதன் பக்கத்தில் செருகினார்.

"என்ன இது? யார் நீ? யார் படிச்சுச் சொன்னது?"

"யாரும் படிக்கல சார். நீங்கதான் படிக்கணும்."

டாக்டருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. ஆனாலும் கண் படத்துக்குப் போய்விட்டது. முதல் படம், இரண்டாவது படம். மூன்றாவதின் மூலைக்கு வந்ததும் நின்றது. "மூலையில என்ன இது?"

"அவங்க முட்டியில ஒட்டிகினு இருந்த ஜரிகை சார். தறியில வுழறது. தொடச்சி எடுத்துட்டு, தனியா ஓரத்துல வச்சேன்."

டாக்டர் பழைய படத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், மறுபடி மாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொன்னம்மாளின் முன்னால் உட்கார்ந்து முட்டியின்மேல் கையை வைத்தார். காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். சில்லை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். முட்டிக்குள் கரகரவென்றது எனக்கே கேட்டது.

"நெய்யறியாம்மா? எத்தனை மணி நேரம்?"

"விடிஞ்சதுலேர்ந்து பொழுது போற வரைக்கும் சார்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். துடைக்கும்போது முதுகைக் காட்டியபடியே உண்ணாமலையிடம் கேட்டார். "இந்த மடக்குப் படத்துக்குச் சீட்டு யார் கொடுத்தா?"

"யாரும் குடுக்கல சார். வேலைய வுட்டு எடுப்போம்னு தாள் வந்துகீது."

டாக்டர் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதை நான் சொல்லத்தான் வேண்டும்; தப்பை உணர்ந்த மனிதர். மேசைக்கு வந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். "நான் எழுதித் தரேன். வலது முட்டி, மூணு படம், என் கையெழுத்து. போன வாரத் தேதி போட்டுடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது." பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

உண்ணாமலை சீட்டுப் புத்தகத்தை மெதுவாக ஓரமாகத் தள்ளினார். "என் கத அப்புறம் பாத்துக்கலாம் சார். தேதியெல்லாம் மாத்த வேணாம்."

அந்தப் பக்கம் கிடந்த கேஸ் ஷீட்டை இழுத்து டாக்டரின் பேனாவுக்கு நேராக வைத்தார். சில்லை எடுப்பது என்றும் புதன்கிழமை என்றும் எழுதியிருந்த வரியைத் தேடி, அதன் அடியில் ஆட்காட்டி விரலை ஊன்றினார். பேனா அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அடித்து முடிக்கும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.